அக்வாபோனிக்ஸ் பெட்டில் தண்ணீர் வடியவில்லையா? பம்பு வாங்கும் முன் ஒரு வாளியை எடுங்கள்

கேள்வி: வீட்டின் பின்புறம் சிமெண்ட் தரையில் 500 லிட்டர் மீன் தொட்டி, அதன் பக்கத்தில் நாலடி உயர ஸ்டாண்டில் ஜல்லி நிரப்பிய இரண்டு குரோ பெட் (செடி வளர்க்கும் தொட்டி) என, மீன் கழிவுத் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் அக்வாபோனிக்ஸ் அமைத்திருக்கிறோம். ஒவ்வொரு பெட்டும் 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 1 அடி ஆழம். ஒரே பம்பு, இரண்டு பெட்டுக்கும் பிரித்து விட்டிருக்கிறது. பத்து நாளாகியும், பெட் நிரம்பியதும் தண்ணீரைத் தானாக வடிக்க வேண்டிய பெல் சைஃபன் வேலை செய்யவில்லை. தண்ணீர் நிரம்பி அதே மட்டத்தில் நிற்கிறது, கீழே நூல் மாதிரி ஒழுகுகிறது. கீரை மஞ்சளாகிறது, மூன்று மீன் செத்துவிட்டது. பெரிய பம்பும் பாக்டீரியா பாட்டிலும் வாங்க 11,000 ரூபாய் ஆகும் என்கிறார் அமைத்துக் கொடுத்தவர். மூன்றாவது பெட்டை மொட்டை மாடியில் வைக்கலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. ஒரு பெட்டின் வால்வை முழுக்க மூடிவிட்டு, பம்பின் மொத்தத் தண்ணீரையும் இன்னொரு பெட்டுக்குத் திருப்புங்கள். அது நிரம்பியதும் சடசடவென்று வடிந்தால் உங்கள் சைஃபனில் கோளாறு இல்லை. தண்ணீரை இரண்டாகப் பிரித்ததில்தான் கோளாறு.

ஏன் என்று சொல்கிறேன். பெட் நிரம்பியதும் நடுவில் நிற்கும் குழாயின் வாய் வழியாகத் தண்ணீர் கீழே விழ வேண்டும். குழாயை அடைத்துக்கொண்டு விழுந்தால், மேலே கவிழ்த்திருக்கும் மூடிக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஒரே மூச்சில் பெட் காலியாகும். தண்ணீர் குறைவாக வந்தால் குழாயின் உள்சுவரை ஒட்டி வழிந்துவிடும், நடுவில் காற்று அப்படியே நிற்கும். உங்கள் பெட்டில் நடப்பது இதுதான். ஒரு பெட்டுக்கு மணிக்கு 250 லிட்டர் வந்தால் ஒரு இஞ்ச் குழாய்க்கு அது போதாது.

பம்பைப் பெரிதாக்க வேண்டாம், குழாயைச் சிறிதாக்குங்கள். நடுக்குழாயை முக்கால் இஞ்சாக மாற்றுங்கள். அதன் தலையில் ஒன்றரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சுக்கு இறங்கும் ரெட்யூசரைப் புனல் மாதிரி பொருத்துங்கள். மூடியாகக் கவிழ்க்கும் பைப், அந்த ரெட்யூசரைச் சுற்றித் தண்ணீர் தாராளமாக ஏறும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். பெட்டுக்கு அடியில் வடிகுழாயில் ஒரு எல்போ (வளைவுத் துண்டு) இருக்கட்டும், அது தண்ணீரைச் சற்றுத் தேக்கிச் சைஃபனைப் பிடிக்க வைக்கும். குழாயின் நுனி மீன் தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருக்கக் கூடாது. நடுக்குழாயின் உயரம் ஜல்லி மட்டத்துக்கு இரண்டு இஞ்ச் கீழே. உள்ளூர் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

ஒரு பெட்டுக்கு மொத்தத் தண்ணீரையும் விட்டும் சைஃபன் பிடிக்கவில்லை என்றால் மூடியில் எங்கோ காற்று கசிகிறது. அதன் மேல்முனையை அடைக்கும் எண்ட் கேப்பைச் சொல்யூஷன் போட்டு ஒட்டுங்கள்.

பெரிய பம்பு தேவைப்படும் நிலைமையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நியாயம் செய்ததாகாது. 20 லிட்டர் வாளியை பெட்டின் உயரத்தில் பிடித்து, பம்பின் மொத்தத் தண்ணீரையும் அதில் விட்டு, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று போனில் பாருங்கள். ஒரு நிமிடம் என்றால் மணிக்கு 1200 லிட்டர். இரண்டு நிமிடம் என்றால் 600. நாலு நிமிடம் என்றால் 300. மீன் தொட்டியின் தண்ணீர் மணிக்கு ஒரு முறையாவது சுற்றி வர வேண்டும் என்பது பொதுக் கணக்கு, உங்களுக்கு அது 500 லிட்டர். ஆகவே 2 நிமிடம் 24 விநாடிக்குள் வாளி நிரம்பினால் பம்பு போதும். அதற்கு மேல் ஆனால் முதலில் பம்பின் ஸ்பாஞ்சைக் கழுவுங்கள், வழியில் எங்காவது அரை இஞ்ச் ஹோஸ் போட்டிருந்தால் மாற்றுங்கள், மறுபடியும் அளந்து பாருங்கள். அப்போதும் மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்றால் பம்பு மாற்றத்தான் வேண்டும். அதையும் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டர் கணக்கை நம்பி வாங்காதீர்கள். அது உயரமே இல்லாமல் ஓடும்போது வரும் அளவு. பக்கத்தில் சிறிதாக ‘மேக்ஸ் ஹெட்’ என்று மீட்டரில் போட்டிருப்பார்கள், அந்த உயரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராது. உங்கள் பெட் நாலடி உயரத்தில், அதாவது சுமார் 1.2 மீட்டரில் இருக்கிறது. மேக்ஸ் ஹெட் 1.5 மீட்டர் உள்ள பம்பு எத்தனை ஆயிரம் லிட்டர் என்று சொன்னாலும் உங்களுக்கு வீண். இரண்டரை, மூன்று மீட்டர் உள்ளதாகப் பாருங்கள். வாங்கியதும் அதே வாளியால் அளந்துவிடுங்கள். பெட்டியில் எழுதியதற்கும் வாளியில் விழுவதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் உள்ள பம்புகளை நானே அளந்திருக்கிறேன். இதைக் கேட்க யாருமே இல்லையா என்று கோபம்தான் வருகிறது.

பாக்டீரியா பாட்டில் வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு செடிக்கு உணவான நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உங்கள் ஜல்லியில் தாமாகவே குடியேறும். நம் ஊர்ச் சூட்டில் நாலிலிருந்து ஆறு வாரம். நீங்கள் பத்தாவது நாளில் இருக்கிறீர்கள், அதற்குள் மீனை விட்டதுதான் தவறு. அமைத்துக் கொடுப்பவர்கள் அன்றைக்கே மீனையும் விட்டுக் காசு வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள், செத்தால் மறுபடியும் மீன் விற்கிறார்கள். இரண்டு நாள் தீனி போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். மீன் கடையில் அமோனியா டெஸ்ட் கிட் கிடைக்கும், காசு செலவழிப்பதென்றால் அதற்குச் செலவழியுங்கள். போர்த் தண்ணீரின் பி.எச். 8-ஐ ஒட்டி இருந்தால் அதே அளவு அமோனியா இன்னும் கொடிய விஷமாகிறது. கீரை மஞ்சளானதற்கு வேர் மூச்சு முட்டிக் கிடப்பதும் காரணம், நைட்ரேட் இன்னும் உருவாகாததும் காரணம். வடிய ஆரம்பித்தால் தேறும்.

செத்த மீனுக்குப் பதிலாக ‘ஹைபிரிட் கெளுத்தி, சீக்கிரம் எடை போடும், சாகவே சாகாது’ என்று யாராவது கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பெரும்பாலும் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. மழையில் தொட்டி நிரம்பி ஒன்று வாய்க்காலில் இறங்கினாலும் அங்குள்ள நாட்டு மீனைத் தின்று தீர்க்கும். தடை போட்டு இத்தனை வருடமாகியும் குஞ்சு வெளிப்படையாக விற்கிறது, பிடிபடுவது என்னவோ வாங்கி வளர்ப்பவர்தான். ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியாவுக்கும் அனுமதி வேண்டும். எங்கே, யாரிடம் வாங்குவது என்று கேட்டு நான் ஏறிய ஒரு அலுவலகத்தில் மீன் எங்களுடையது, கீரை அவர்களுடையது என்று இன்னொரு கட்டடத்தைக் காட்டினார்கள். இரண்டும் ஒரே தண்ணீரில் வளர்கிறது என்று யாரிடம் சொல்வது? முதல் வருடத்துக்குக் கோய் கெண்டை, தங்க மீன் போதும். கீரைக்குக் கழிவு கிடைத்தால் சரி.

கடைசியாக மாடி. உங்கள் அளவு பெட் ஒன்றில் சுமார் 280 லிட்டர் இடம் இருக்கிறது. அவ்வளவு ஜல்லியே 400 கிலோவைத் தாண்டும், தண்ணீரும் சேர்ந்தால் 500 கிலோவுக்கு மேல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதியில் கணக்கிடும் சுமை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. உங்கள் பெட் அடைக்கும் இடம் ஒரு சதுர மீட்டர் கூட இல்லை. கட்டட இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுக்காமல் ஒரு கூடை ஜல்லியைக் கூட மேலே ஏற்றாதீர்கள். விற்க வந்தவர் ‘ஒன்றும் ஆகாது’ என்றால் அதை அவர் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வால்வை மூடும் சோதனையை நாளைக் காலையிலேயே செய்துவிடுங்கள். வாளி நிரம்பிய நேரத்தையும் நடுக்குழாயின் அளவையும் எழுதி அனுப்பினால் அடுத்து என்ன செய்வதென்று சொல்கிறேன்.