தேரில் போனது சித்தார்த்தரா? – பாலி நூல்களில் புத்தர் வாழ்க்கை: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. திரிபிடகத்தில் புத்தரின் வாழ்க்கை வரலாறு எந்த நூலில் இருக்கிறது? நேராக அதையே படிக்க நினைக்கிறேன்.

பதில்: பழைய சுத்தங்களில், அதாவது புத்தரின் உரைகளில், அப்படி ஒரு தனி நூல் இல்லை. பிறப்பு முதல் இறப்பு வரை கோத்துச் சொல்வதெல்லாம் பின்னால் வந்தவை. சுத்தங்களில் புத்தர் தன்னைப் பற்றிப் பேசுவது யாராவது கேட்டதற்குப் பதிலாக, அல்லது ஒரு பாடத்தை விளக்க. அதனால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

சுத்தங்களின் தொகுப்பை நிகாயம் என்பார்கள். மஜ்ஜிம நிகாயம் 26 (அரியபரியேசன சுத்தம்) முதலில். வீட்டை விட்டது, ஆளார காலாமர், உத்தக ராமபுத்தர் என்ற இரண்டு ஆசிரியர்கள், முதல் உபதேசம் எல்லாம் அதில் வரும். அடுத்து அதே நிகாயத்தின் 36, கடுந்தவத்துக்காக. பிறகு விநயபிடகத்தின் (துறவிகளுக்கான விதிநூல்) மகாவக்கம், முதல் அத்தியாயம்: போதி (ஞானம்) பெற்றதிலிருந்து முதன்மைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் வந்து சேரும் வரை. கடைசியில் தீக நிகாயம் 16, மகாபரிநிப்பான சுத்தம்: அவரது இறுதி நாட்கள், மறைவு. நடுவே கிடக்கும் நாற்பது சொச்சம் ஆண்டுகளுக்கு வரிசை கிடையாது. சுத்தங்கள் ‘ஏகம் சமயம்’, ஒரு சமயம், என்றுதான் தொடங்கும். எந்த மழைக்காலத்தில் எந்த ஊரில் தங்கினார் என்ற பட்டியல் உரைகாரர்கள் தந்தது. அதை வைத்துச் சுத்தங்களுக்கு ஆண்டு போடப் போனால் சிக்கிக்கொள்வீர்கள்.

கேள்வி: சார், பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுகிறோம். தேரில் போய் முதியவர், நோயாளி, சவம், துறவி பார்ப்பது. நள்ளிரவில் சொல்லாமல் போவது. இரண்டும் மூலத்தில் உண்டா?

பதில்: தேர்க் காட்சி உண்டு, ஆனால் தேரில் இருப்பவர் வேறு ஆள். தீக நிகாயம் 14இல் அது விபஸ்ஸி என்ற முற்காலப் புத்தரின் கதை. 91 கற்பங்களுக்கு (ஊழிகளுக்கு) முன் நடந்ததாகக் கௌதமரே சொல்கிறார். எல்லாப் புத்தர்களின் வாழ்க்கையும் ஒரே அச்சு என்ற எண்ணம் வலுத்தபோது விபஸ்ஸியின் தேரில் சித்தார்த்தரை ஏற்றிவிட்டார்கள்.

தன் இளமையைப் பற்றி அவர் பேசுவது அங்குத்தர நிகாயத்தின் சுகுமால சுத்தத்தில். குளிருக்கு, கோடைக்கு, மழைக்கு என மூன்று மாளிகைகள், காசித் துணி, இரவும் பகலும் தலைக்கு மேல் வெண்குடை. மற்ற வீடுகளில் வேலையாட்களுக்கு நொய்யும் புளித்த கஞ்சியும் போட்டபோது அவர் தந்தை வீட்டில் சோறும் இறைச்சியும் போட்டார்களாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘முதியவரைக் கண்டு முகம் சுளிக்கிற நானும் முதுமைக்குத் தப்பியவன் இல்லையே’ என்று நினைத்ததும் இளமைச் செருக்கு விழுந்தது என்கிறார். ஆரோக்கியச் செருக்கும் உயிரோடிருக்கும் செருக்கும் அதே வழியில் போகின்றன. தேரும் இல்லை, தேரோட்டியும் இல்லை, வெறும் யோசனை.

நள்ளிரவுப் புறப்பாடும் அப்படித்தான். மஜ்ஜிமம் 26 சொல்வது: தாய் தந்தையர் சம்மதிக்காமல், முகமெல்லாம் கண்ணீராக அழுதுகொண்டிருக்கும்போதே முடியும் தாடியும் மழித்துக் கிளம்பினார். பெற்ற தாய் ஏழாம் நாளே இறந்ததாக 123ஆம் சுத்தம் சொல்வதால், அங்கே அழுத தாயை வளர்த்த சிற்றன்னை மகாபஜாபதி கோதமி என்று கொள்ளலாம். தூங்கும் பெண்கள் எச்சில் ஒழுக, பிதற்றிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து வெறுக்கும் காட்சி மகாவக்கத்தில் இருக்கிறது. பார்த்தவன் யசன் என்ற வாரணாசிச் செட்டி மகன். பெற்றோர் அழும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், குதிரையை விட மேடையில் அது எடுபடும்.

கேள்வி: அவர் உண்மையில் இளவரசரா?

பதில்: சாக்கியர்கள் கோசல மன்னருக்கு அடங்கியவர்கள், சபை கூடி முடிவெடுக்கும் குலம். தீக நிகாயம் 14 சுத்தோதனரை ‘ராஜா’ என்கிறது, சரி. ஆனால் விநயத்தில் புத்தர் காலத்திலேயே பத்தியர் என்ற இன்னொருவரும் சாக்கிய ராஜா எனப்படுகிறார். தலைவர் என்று புரிந்துகொள்வது பொருந்தும். சுத்தநிபாதம் என்ற பாடல் தொகுப்பில் மகத மன்னர் பிம்பிசாரர் குலம் கேட்கும்போது, ‘கோசல நாட்டினர், சூரிய கோத்திரம், சாக்கியப் பிறப்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அரசன் மகன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

கேள்வி: தவத்தின்போது ஆறு ஆண்டு ஒன்றுமே சாப்பிடவில்லையாமே? சுஜாதை கொடுத்த பாயசம்தான் காப்பாற்றியது என்கிறார்கள்.

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மஜ்ஜிமம் 36இல் வரிசை இப்படி: பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி மனத்தை அடக்குதல், அக்குளில் வியர்வை கொட்டியதுதான் மிச்சம். அடுத்து மூச்சடக்கம். வாயையும் மூக்கையும் அடைத்ததும் காற்று காது வழியே கொல்லன் துருத்தி போல இரைந்தது. காதையும் அடைத்தால் தலைவலி, வயிற்றைக் கசாப்புக்காரன் கீறுவது போன்ற வலி, உடம்பெல்லாம் எரிச்சல். பிறகு முழுப் பட்டினி கிடக்க நினைத்தார். தேவர்கள் ‘மயிர்க்கால் வழியே ஊட்டுவோம்’ என்றார்கள். அப்படி ஊட்டினால், சாப்பிடவில்லை என்று தான் சொல்வது பொய்யாகிவிடுமே என்று கைவிட்டார்! ஆக, முழுப் பட்டினி இல்லை. பயறு, கொள்ளு, கடலை, பட்டாணி இவற்றில் ஏதாவது ஒன்றின் சாறு, கைக்குழி அளவு. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குச் சிக்கியது. உடம்பைத் தடவினால் மயிர் வேரோடு உதிர்ந்தது.

ஏன் பலிக்கவில்லை என்பதையும் சுத்தமே சொல்கிறது. சிறுவயதில் தந்தை வேலையில் இருந்தபோது நாவல் மர நிழலில் தானாக வாய்த்த முதல் தியானம் நினைவுக்கு வந்தது. அந்த இன்பத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இவ்வளவு மெலிந்த உடம்புக்கு அது எட்டாது என்று கண்டார். உடனே சாப்பிட்டது ‘ஓதன கும்மாசம்’, சோறும் மாவுக்கூழும். உடனிருந்த தவசிகள் ஐவரும் ‘சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டான்’ என்று விட்டுப் போனார்கள்.

சேனானியின் மகள் சுஜாதை, சரணடைந்த பெண்களில் முதல்வர் என்று அங்குத்தரத்தில் பெயர் பெறுகிறார். பாயசம், ஜாதகக் கதைகளின் பிற்கால முன்னுரையில்தான். ஆண்டுக் கணக்கை மஜ்ஜிமம் 26, 36 இரண்டுமே தரவில்லை. சுத்தநிபாதத்தில், ஆசை காட்டித் தடுக்கும் மாரன் ‘ஏழு ஆண்டு பின்தொடர்ந்தேன்’ என்கிறான்.

கேள்வி: பிறந்த குழந்தையையும் மனைவியையும் விட்டுப் போனது நியாயமா?

பதில்: ராகுலன் பிறந்த அன்று இரவே போனார் என்பது முதல் நான்கு நிகாயங்களில் இல்லை. யசோதரை என்ற பெயரும் அவற்றில் இல்லை. விநயத்தில் ‘ராகுலமாதா’ (ராகுலனின் தாய்) மட்டுமே. சாக்கியர் நகரான கபிலவத்துவுக்குப் புத்தர் வந்தபோது ‘அதோ உன் தந்தை, போய் உன் பங்கைக் கேள்’ என்று மகனை அனுப்புகிறார் அந்தத் தாய். பையன் பின்னாலேயே போய்க் கேட்கிறான். சாரிபுத்தர் அவனுக்குச் சாமணேர (இளந்துறவி) தீட்சை தருகிறார். நியாயமா என்ற உங்கள் கேள்வியைக் கேட்டவர் சுத்தோதனர்தான். பிள்ளைப் பாசம் தோலைத் துளைத்து, சதை, நரம்பு, எலும்பு தாண்டி மஜ்ஜை வரை துளைக்கிறது என்று முறையிடுகிறார். பெற்றோர் அனுமதியின்றி யாருக்கும் தீட்சை இல்லை என்ற விதி அப்போது பிறந்தது. பிக்குவாகும் சடங்கில் ‘பெற்றோர் அனுமதி உண்டா?’ என்று இன்றும் கேட்கிறார்கள்.

கேள்வி: பன்றிக்கறி சாப்பிட்டுத்தான் இறந்தாரா? நேரடியாகச் சொல்லுங்கள்.

பதில்: பாவாவில் கொல்லன் சுந்தன் படைத்தது ‘சூகரமத்தவம்’. சூகரம் பன்றி, மத்தவம் மென்மை; சொல் அதற்கு மேல் பேசாது. தென்னிந்தியரான ஆசாரிய தம்மபாலர், உதானம் என்ற நூலுக்கு எழுதிய உரையில் எல்லாக் கருத்தையும் அடுக்குகிறார்: மென்மையான பன்றி இறைச்சி, பன்றி மிதித்த மூங்கில் குருத்து, பன்றி மிதித்த இடத்தில் முளைத்த காளான், ஒரு வகை இரசாயனம். பழைய உரை இறைச்சி என்றே கொள்கிறது. எனக்கும் அதுவே இயல்பாகப் படுகிறது. பிக்குகளுக்கு இறைச்சி விலக்கல்ல. தனக்காகக் கொன்றதைக் கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, ஐயுற்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று, சங்கத்தைப் பிளக்க முயன்ற தேவதத்தர் கேட்டபோது புத்தர் மறுத்தார்.

ஆனால் அந்த உணவுதான் கொன்றது என்று தீர்ப்பெழுதுமுன் மகாபரிநிப்பான சுத்தத்தின் முன்பக்கங்களைப் பாருங்கள். வேளுவ கிராமத்து மழைக்காலத்திலேயே சாவின் விளிம்புக்குப் போய்வந்தார். சாபால சேதியத்தில் (வழிபாட்டிடம்) மூன்று மாதத்தில் பரிநிப்பானம் (இறுதி மறைவு) என்றும் அறிவித்துவிட்டார். வயது 80, ‘பழைய வண்டி வாரால் கட்டி ஓடுவது போல’ உடம்பு ஓடுகிறது என்கிறார். சுந்தன் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பின் வந்தது இரத்தபேதி. சுந்தனை யாரும் குறை சொல்லக் கூடாது, போதிக்கு முன் உண்டதும் பரிநிப்பானத்துக்கு முன் உண்டதும் சமமான புண்ணியம் என்று அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் சொல்லி அனுப்புகிறார்.

கேள்வி: இறந்த ஆண்டு கி.மு. 544, 483 என்று இரண்டு பார்த்தேன். எது சரி?

பதில்: சுத்தங்களில் ஆண்டு இல்லை, வயது மட்டும்: 29இல் துறவு, 80இல் மறைவு. 544 இலங்கை மரபு. 1956இல் 2500ஆம் ஆண்டு கொண்டாடியது அந்தக் கணக்கில். அசோகர் முடிசூடியது புத்தர் மறைந்து 218 ஆண்டுக்குப் பின் என்கிறது இலங்கை வரலாற்று நூலான மகாவம்சம். அசோகரின் காலத்தோடு பொருத்தினால் 483 பக்கம் வரும். வடநாட்டு மரபில் இடைவெளி 100தான். இன்று ஆய்வாளர் பலர் கி.மு. 400ஐ ஒட்டி வைக்கிறார்கள்.

கேள்வி: அஸ்தி எத்தனை பங்காயிற்று?

பதில்: எட்டு. மகத மன்னர் அஜாதசத்து, வேசாலி லிச்சவிகள், கபிலவத்து சாக்கியர், அல்லகப்பத்துப் ‘புலி’ (Buli) குலத்தார், ராமகாமக் கோலியர், வேட்டதீபத்து அந்தணர், பாவா மல்லர், குசிநாரா மல்லர். சண்டை மூளவிருந்ததைத் தோணர் என்ற அந்தணர் தடுத்துப் பங்கிட்டார். தமக்கு அளந்த குடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிப்பலிவனத்து மோரியர் தாமதமாக வந்ததால் கிடைத்தது தணல் மட்டுமே. ஆக, ஸ்தூபங்கள் பத்து.