கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை வளர்க்கலாமா?

கேள்வி: திருமணத்துக்கு முன்பிருந்தே ஒரு பூனை வளர்க்கிறேன். அதற்கு 6 வயது. வீட்டைவிட்டு வெளியே போகாது. இப்போது நான் 3 மாதக் கர்ப்பிணி. பூனை முடி வயிற்றுக்குள் போனால் கரு கலைந்துவிடும், உடனே யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார் மாமியார். கணவரும் பயப்படுகிறார். எனக்கோ அதைப் பிரிய மனமில்லை. அதற்குத் தடுப்பூசி போட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: பூனையைக் கொடுக்க வேண்டாம். அது மலம் கழிக்கும் மணல் தட்டை மட்டும் இன்றிலிருந்து நீங்கள் தொடாதீர்கள். அந்த வேலையை உங்கள் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

முடியால் கரு கலையாது. விழுங்கிய முடி குடல் வழியாக வெளியேறிவிடும். குடலிலிருந்து கருப்பைக்குப் போக அதற்கு வழியே இல்லை. ஆனாலும் உங்கள் மாமியாரின் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். பூனையோடும் கர்ப்பத்தோடும் தொடர்புள்ள நோய் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் டாக்சோபிளாஸ்மா தொற்று. கர்ப்ப காலத்தில் முதன்முறையாக இது தாய்க்கு வந்தால் சிசுவுக்கும் பரவக்கூடும். கருச்சிதைவு, மூளையில் நீர் கோத்தல், கண் பாதிப்பு ஆகியவை நேரலாம். முதல் மாதங்களில் சிசுவுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு, பரவினால் பாதிப்பு கடுமை. கடைசி மாதங்களில் இது தலைகீழ்.

இந்தக் கிருமி பூனைக்கு எப்படி வருகிறது? எலி, பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றைத் தின்பதால். தொற்றிய பூனை பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள்தான் கிருமியின் முட்டைகளை மலத்தில் வெளியேற்றும். வெளியே வந்த முட்டைகள் நோயைப் பரப்பும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். அதனால்தான் தட்டை தினமும் சுத்தம் செய்யச் சொல்கிறோம். வேட்டையாடாமல், வெந்த உணவோ கடையில் வாங்கும் பூனைத் தீவனமோ சாப்பிட்டு வீட்டுக்குள்ளேயே வாழும் பூனையால் ஆபத்து மிகவும் குறைவு. வேறு ஆளே இல்லாத நாளில் கையுறையும் முகக்கவசமும் அணிந்து சுத்தம் செய்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தடவிக் கொடுப்பதாலோ மடியில் வைத்துக்கொள்வதாலோ பயமில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் சமையலறை. ஐரோப்பாவின் 6 நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தத் தொற்றுகளில் 30 முதல் 63 விழுக்காடு வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தவை என்று கணக்கிட்டார்கள். பூனையோடு பழகியது ஒரு காரணமாகவே தெரியவில்லை. எனவே இறைச்சியை உள்வரை நன்றாக வேகவையுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய பலகையையும் கத்தியையும் உடனே கழுவுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்களையும் கீரைகளையும் ஓடும் நீரில் அலசுங்கள். தோட்ட வேலை செய்தால் கையுறை அவசியம். பூனையை வெளியே அனுப்பிவிட்டு இவற்றைக் கவனிக்காமல் விட்டால் ஒரு பயனும் இல்லை.

இதற்கென ஐஜிஜி, ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனைகள் உண்டு. உங்களுக்குத் தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். தொற்று முன்பே வந்துபோயிருந்தால் அது பெரும்பாலும் குழந்தைக்குப் பாதுகாப்பே. புதிய தொற்றைக் காட்டும் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தாலும் பதற வேண்டாம். பழைய தொற்றிலும் அது மாதக்கணக்கில் நீடிக்கும். உறுதிசெய்ய மேற்கொண்டு பரிசோதனைகள் இருக்கின்றன.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து மூன்றையும் முடித்துவிடுங்கள். வெறிநாய்க்கடி நோயான ரேபிஸ் பூனையிடமிருந்தும் பரவும், அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. எந்த விலங்கு கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடிபட்ட கர்ப்பிணிக்கு ரேபிஸ் தடுப்பூசி ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாராளமாகப் போடலாம்.

பூனை உடம்பில் முடி உதிர்ந்து வட்டமாகத் தோல் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதையும் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்து, பூனை வந்தால் மூச்சிரைக்கிறது என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். செல்லப்பிராணியோடு வளரும் குழந்தைக்கு ஒவ்வாமை வராது என்பதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன.

ஆனால் கர்ப்ப காலத்தின் தனிமையிலும் தூக்கமில்லாத இரவுகளிலும் பழகிய ஓர் உயிர் அருகில் இருப்பது பெரிய ஆறுதல். அது மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடியது அல்ல. அதை இழந்து நீங்கள் படும் வேதனையும் உடல்நலக் கேடுதான். இதை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு, அது தூங்கும் தொட்டிலில் பூனையைப் படுக்க விடாதீர்கள், இருவரையும் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தொட்டிலுக்கு வலை போடுவதை இப்போதே யோசித்து வையுங்கள்.