வீட்டுக்கு கம்மி பட்ஜெட்ல டெஸ்க்டாப் வாங்கணும், ஐ3 போதுமா, ஐ5 வேணுமா, இல்ல ஐ7ஏ எடுத்துடலாமா?

பிரவுசிங், யூட்யூப், பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ், கொஞ்சம் எக்செல், எப்பவாவது பிரிண்ட், இவ்வளவுதான் வேலை, கேம் இல்ல, வீடியோ எடிட்டிங் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. அப்படின்னா ஐ3யா ஐ5ஆங்கற கேள்வியைத் தூக்கி ஓரமா வச்சிருங்க. அதெல்லாம் இன்டெல் கம்பெனி பிராசஸரோட (கம்ப்யூட்டரோட மூளை) வரிசைப் பேர், பரீட்சை மார்க் மாதிரி இல்ல, 7 பெருசு 3 சின்னதுன்னு முடிவு பண்ண. நான் மார்க்னு நம்பி ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்பாவுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் சிபியூ வாங்கப் போனேன் (அந்தப் பெட்டி மொத்தத்தையும் சிபியூன்னு சொல்றது தப்புதான், ஆனா கடையில அப்படிக் கேட்டாதான் எடுத்து வைப்பாங்க). கடைக்காரர் ஒரு பெட்டியைத் துடைச்சுக்கிட்டே "இது ஐ7 சார், ஐ5 விலைக்கே போட்டுத் தரேன்"னாரு. முன்னாடி ஸ்டிக்கர் வேற பளபளன்னு இருந்துச்சு. அதுக்கு மேல நான் ஒண்ணுமே கேக்கல, வாயெல்லாம் பல்லா தூக்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுல வந்து பார்த்தா, பட்டனை அமுக்கிட்டு அப்பா போய் முகம் கழுவி, பேப்பர்ல தலைப்புச் செய்தி எல்லாம் படிச்சுட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். பிரவுசர் ஐகானை கிளிக் பண்ணுவாரு, வராது, மறுபடி கிளிக் பண்ணுவாரு, கடைசில ஏழெட்டு விண்டோ மொத்தமா வந்து விழும். யூட்யூப் போட்டா ஃபேன் சத்தத்துல வீடியோ சத்தமே கேக்காது. "நீ வாங்குனது புதுசா, நம்ம பழசையே துடைச்சுக் குடுத்துட்டானா"ன்னு கேட்டாரு மனுஷன்.

அப்புறம்தான் மாடல் நம்பரைப் பார்த்தேன், ஐ7-2600. 2011ல வந்த சிப். அந்தக் காலத்துல அது சிங்கம்தான், இல்லங்கல. ஆனா 2022ல வந்த ஐ3-12100 அதை அசால்ட்டா தாண்டிப் போயிடும், கரண்ட்டும் கம்மியா எடுக்கும். ஃபேன் கத்தினதுக்கும் காரணம் இருக்கு, யூட்யூப் இப்ப பெரும்பாலும் விபி9, ஏவி1னு ரெண்டு ஃபார்மேட்ல வீடியோவை அனுப்புது, அந்தப் பழைய சிப்போட கிராபிக்ஸுக்கு இது ரெண்டுமே தெரியாது, அதனால பாவம் பிராசஸரே ஒவ்வொரு ஃபிரேமையும் உக்காந்து பிரிச்சுக் குடுக்கணும். இன்டெல்ல 7வது ஜெனரேஷன்ல (தலைமுறைல) இருந்து விபி9 ஹார்டுவேர்லயே ஓடும், 11வதுல இருந்து ஏவி1ம் ஓடும்.

அதனால நீங்க பார்க்க வேண்டியது ஐக்குப் பக்கத்துல இருக்குற நம்பரை இல்ல, கோடு போட்டு அதுக்குப் பின்னாடி வர்ற நம்பரை. ஐ5-8500ன்னா முதல் எண் 8, அதாவது 8வது ஜெனரேஷன். ஐ5-12400ன்னா 12வது. 8வதுக்குக் கீழ போகவே போகாதீங்க, ஏன்னா விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை முடிச்சுட்டாங்க, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல பொதுவா 8வது ஜெனரேஷனாவது வேணும், இன்டெல்லுக்குப் போட்டி கம்பெனி ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ், கூடவே டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி. ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட 6வது, 7வது ஜெனரேஷன் பெட்டி எல்லாம் இப்ப மலிவா கிடைக்குதேன்னு ஆச்சரியப்படாதீங்க, கழிச்சு விட்டதுக்குக் காரணமே இதுதான். குறுக்கு வழியில விண்டோஸ் 11 ஏத்தித் தரேன்னு சொல்லுவாங்க, ஏறும்தான், நாளைக்கு ஒரு அப்டேட்ல மக்கர் பண்ணா உங்க பாடு.

நம்பருக்குக் கடைசில எழுத்து இருந்தா அதையும் பாருங்க. எஃப்னு இருந்தா (12100எஃப், 12400எஃப் மாதிரி) அந்த சிப்ல கிராபிக்ஸே கிடையாது, தனியா கிராபிக்ஸ் கார்டு போடாம ஸ்கிரீன்ல ஒண்ணுமே வராது. விலை கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு அதை வாங்கிட்டு முழிச்சவங்க நிறைய. ரைசன் 5 5600லயும் அதே கதைதான், 5600ஜின்னு இருந்தாதான் கிராபிக்ஸ் உள்ளயே இருக்கும்.

சரி, பிராசஸர் கதை போதும், உண்மையில வேகம் எங்க இருந்து வருதுன்னு சொல்றேன். அந்த ஐ7 பெட்டியை ஒரு ஞாயித்துக்கிழமை திறந்தேன். சைடு தகட்டைக் கழட்டினதும் உள்ள ஃபேன் மேல கம்பளி போர்த்துன மாதிரி தூசி. கீழ ஒரு பழைய ஹார்டு டிஸ்க், கையை வச்சா லேசா அதிருது, டக்கு டக்குன்னு சத்தம். விஷயமே அந்த டக்கு டக்குலதான் இருக்கு. உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்துது, ஒரு முள்ளு அங்கயும் இங்கயும் ஓடி ஓடி டேட்டாவைத் தேடுது, விண்டோஸ் ஆரம்பிக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைலைக் கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் முள்ளு ஓடணும், ஒரு ஓட்டத்துக்கு சுமார் 10 மில்லிசெகண்ட். ஹார்டு டிஸ்குக்குப் பதிலா போடுற எஸ்எஸ்டில சுத்துறதும் இல்ல ஓடுறதும் இல்ல, 0.1 மில்லிசெகண்ட்ல எடுத்துக் குடுத்துடும். நூறு மடங்கு வித்தியாசம். பிராசஸர் எவ்வளவு பெரிய கில்லாடியா இருந்தாலும் இந்த முள்ளு வர்ற வரைக்கும் கைகட்டி நிக்க வேண்டியதுதான்.

ஒரு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, அதே டேட்டா கேபிள், அதே பவர் கேபிளை அதுல சொருகி, வைக்கிறதுக்கு சரியான இடம் இல்லாம டபுள் டேப் போட்டு ஒட்டினேன் (அதுல அசையுற பாகம் எதுவும் இல்ல, ஒட்டலாம், தப்பில்ல). ஓஎஸ் (கம்ப்யூட்டரை ஓட்டுற அடிப்படை மென்பொருள்) புதுசா ஏத்தி பட்டனை அமுக்கினேன், அப்பா எழுந்து முகம் கழுவக் கிளம்பினாரு, வாசப்படியைத் தாண்டுறதுக்குள்ள வந்துடுச்சு. பிராசஸர் அதேதான், ரேம் அதேதான்.

அதனால எஸ்எஸ்டி இல்லாத பெட்டியை யாராவது காட்டினா, ஒண்ணு எஸ்எஸ்டி போட்டுக் கேளுங்க இல்ல வேற பாருங்க. 256 ஜிபி போதும், போட்டோ நிறைய வச்சிருந்தா 512. என்விஎம்இன்னு இன்னொரு வகை எஸ்எஸ்டி இருக்கு, அது இன்னும் வேகம்தான், ஆனா நீங்க பண்ற வேலைக்கு சாட்டாவுக்கும் அதுக்கும் வித்தியாசம் பெருசா தெரியாது. ரேம் 8 ஜிபிக்குக் கீழ வேண்டாம், விண்டோஸ் 11க்கு 4 போதும்னு போட்டிருப்பாங்க, அதுல ஓஎஸ் ஏறும், நீங்க ஏற முடியாது. முடிஞ்சா 16.

செகண்ட் ஹேண்ட் வேண்டாம், புதுசுதான் வேணும்னா இன்டெல் என்100 போட்ட மினி பிசி பாருங்க. 4 கோர், 6 வாட் சிப்பு, உள்ளங்கை அளவு பெட்டி, உங்க லிஸ்ட்ல இருக்குற வேலை எல்லாத்தையும் சத்தம் போடாம செஞ்சுடும். ஆனா சிலதுல ஸ்டோரேஜ் இஎம்எம்சின்னு போர்டுலயே ஒட்டி வரும், அதை மாத்த முடியாது, அதை மட்டும் தவிர்த்துடுங்க. என்னைக் கேட்டா டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி இந்த மாதிரி ஆபீஸ் குட்டிப் பெட்டில 8வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரி பார்த்து விக்கிறது) எடுப்பேன். அடாப்டர் கூட வருதா, கம்பெனி அடாப்டரான்னு கேட்டுக்கோங்க.

கடையில ஒரு ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல பிராசஸர் முழுப் பேர், டிஸ்க் எஸ்எஸ்டியா ஹெச்டிடியா, ரேம் எத்தனை ஸ்லாட்ல இருக்குன்னு எல்லாமே தெரியும். இன்னொரு ஸ்லாட் காலியா இருந்தா பின்னாடி ரேம் ஏத்திக்கலாம். பென்டிரைவ்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேரைக் கொண்டு போனா எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்குங்கறது வரைக்கும் சொல்லிடும். கடைக்காரர் மூஞ்சி கொஞ்சம் மாறும், பரவால்ல.

பின்பக்க போர்ட்டைப் பார்க்க மறந்துடாதீங்க. இந்த ஆபீஸ் பெட்டில பலதுல ஹெச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்பிளே போர்ட்தான் இருக்கும். நான் என் தங்கச்சிக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போய், அவ மானிட்டர்ல ஹெச்டிஎம்ஐ மட்டும்தான் இருந்துச்சு, ரெண்டு பேரும் கேபிளைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு இருந்தோம். டிஸ்பிளே போர்ட்ல இருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாத்துற கேபிள் சுலபமா கிடைக்கும், ஆனா அது ஒரு வழிப் பாதை, திருப்பிப் போட்டா வேலை செய்யாது. வைஃபையும் அப்படித்தான், டெஸ்க்டாப்ல இருந்தே ஆகணும்னு இல்ல, இல்லைன்னா யுஎஸ்பி டாங்கிள் ஒண்ணு சேர்த்து வாங்கிடுங்க.

மிச்சப்படுத்துன காசை மானிட்டர்ல போடுங்க, 22ல இருந்து 24 இன்ச், 1920க்கு 1080 ரெசல்யூஷன், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் நிறம் பெருசா மாறாத வகை). பெட்டியை யாரும் பார்க்கப் போறதில்ல, அதைத்தான் தினமும் பார்க்கப் போறீங்க. சின்னதா ஒரு யுபிஎஸ் வச்சா நல்லது, அதுல லேசர் பிரிண்டரை மட்டும் சொருகிடாதீங்க, சூடாகுற நேரத்துல அது இழுக்குற கரண்ட்டை சின்ன யுபிஎஸ் தாங்காது.

அந்த ஐ7 என்னாச்சுன்னு கேட்டா, அதுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற ஓஎஸ் போட்டுட்டேன், அப்பா இன்னும் அதுலதான் இருக்காரு. சீட்டு விளையாட்டு விண்டோஸ்ல இருந்த மாதிரி இல்ல, சீட்டைப் பார்த்தாலே பிடிக்கலன்னு மட்டும் வாரம் ஒருதடவை சொல்லிட்டு இருக்காரு.