நிலத்தை அடமானம் வைத்து ஏஐ படிக்க வேண்டாம்

பாலக்கோடு பக்கத்திலிருந்து தக்காளி விவசாயி ஒருவர், மனைவியோடும் பிளஸ் டூ முடித்த மகனோடும், மேல்படிப்புக்கு யோசனை கேட்டுப் போன வாரம் என்னிடம் வந்தார். கையில் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் வழவழ நோட்டீஸ். ஏஐ, டேட்டா சயின்ஸ் படிப்பு, மேனேஜ்மென்ட் சீட், வருடம் ஒன்றரை லட்சம், ஹாஸ்டல் தனி. "பெங்களூர் மச்சான் சொல்லிட்டாருங்க, இனிமே எல்லாமே டேட்டா சென்டர்தானாம். அரை ஏக்கரை அடமானம் வைக்கலாம்னு இருக்கோம்" என்றார். அந்த அம்மா கண் கலங்கினார். பயப்படாதீங்க என்று ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: அந்த சீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

மச்சான் சொன்னதில் பாதி சரி. டேட்டா சென்டர் என்பது சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி வைத்த கட்டடம். உலகத்து டேட்டா சென்டர்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் இழுத்தன (ஒரு டெராவாட் மணி என்பது நூறு கோடி யூனிட்). 2030இல் அது 945 ஆகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. கடலடி இன்டர்நெட் கேபிள்கள் கரையேறும் சென்னையில், சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் இந்தக் கட்டடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் கணக்கை எதில் சொல்கிறார்கள், பார்த்தீர்களா? கரண்டில்.

பையனிடம் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டேன், தரையைப் பார்த்தான். "தெருவுல யார் வீட்டு போர் மோட்டார் நின்னாலும் இவனைத்தான் கூப்பிடறாங்க" என்று அம்மா அலுத்துக்கொண்டார். கடைசியாக நின்றது ஏன் என்றேன். தலை நிமிர்ந்தது. "ரெண்டு பேஸ்தான் வந்துச்சு சார், ரிலே தட்டி விட்டுடுச்சு." இந்தப் பையனைப் போய் புரோகிராம் எழுத உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்த படிப்புகளை விட்டுவிடுகிறேன். டேட்டா சென்டருக்குள் ஒரு சுற்று வாருங்கள். வெளியே டிரான்ஸ்பார்மர். கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் கிளம்பிச் சுமையை ஏற்கச் சில நொடிகளாவது ஆகும். அதுவரை சர்வர் கண் சிமிட்டாமல் தாங்குவது யூபிஎஸ் பேட்டரி வரிசை. ஒவ்வொன்றுக்கும் மாற்று ஒன்று தயாராக நிற்கும். பழுது பார்க்கும்போதும் சர்வர் நிற்கக் கூடாது என்பதால், எந்த பிரேக்கரை எந்த வரிசையில் திறப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும். அடுத்தது சூடு. சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். ஏஐ சிப்கள் அடுக்கிய ஒரே அலமாரி இப்போது 120 கிலோவாட் அளவுக்கு இழுக்கிறது. அதைக் குளிர்விக்க 34 டன் ஏசி வேண்டும். வீட்டு ஒன்றரை டன் ஏசியாக மாட்டினால் 23. காற்று ஊதி மாளாது என்பதால் குளிர்ந்த திரவத்தைச் சிப்பின் முதுகுக்கே குழாயில் கொண்டுபோகிறார்கள். பம்ப், வால்வு, கசிவு, அழுத்தம், எல்லாம் இவன் கை பழகிய சங்கதி. சிப் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும். இந்த வேலை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த டேட்டா சென்டரில் நிரந்தர ஆட்கள் குறைவு, நைட் ஷிஃப்ட் உண்டு. அதனால் டேட்டா சென்டரை மட்டும் நம்ப வேண்டாம். இதே கைத்தொழிலுக்கு ஓசூர் தொழிற்சாலையிலும், பெரிய ஆஸ்பத்திரியிலும், கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலையிலும் இடம் இருக்கிறது.

கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோவுக்குப் போடுங்கள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவன், நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டணம் நீங்கள் பேசும் ஒன்றரை லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். பின்னால் ஆசை வந்தால் டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பர்கூரிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மொத்தம் ஒரு வருடம் கூடும், அவ்வளவுதான்.

"மச்சானுக்கு என்னங்க பதில் சொல்றது?" என்றார் அப்பா. கடன் தவணையை அவர் கட்டுவாரா என்று கேளுங்கள் என்றேன். பையன் அதற்குள் என் மேஜை ஃபேனின் ரெகுலேட்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.