வட்டியும் குட்டியும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஜயன்ட் பாண்டா' என்கிறார்களே, அது என்ன அவ்வளவு பெரிய விலங்கா? நாடு நாடாகப் பாண்டாவைப் பரிசாகக் கொடுக்கும் சீனா, பக்கத்தில் இருக்கும் நமக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: முதல் கேள்வி சுலபம். பாண்டா என்ற பெயருக்கு மூத்த உரிமையாளர், இமயமலைக் காடுகளில் மரமேறித் திரியும் செம்பழுப்பு விலங்கு. பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. 1825-லேயே அதற்கு அறிவியல் பெயர் சூட்டியாயிற்று. கறுப்பு வெள்ளைக் கரடியைப் பற்றி ஆர்மன் தாவீத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஐரோப்பாவுக்குத் தெரிவித்ததோ 1869-இல்தான். இரண்டும் மூங்கில் தின்பவை என்பதால் பிந்தி வந்ததும் பாண்டாவாயிற்று. அடையாளத்துக்கு முன்னால் 'ஜயன்ட்' ஒட்டிக்கொண்டது. ஐந்தாறு கிலோ விலங்குக்குப் பக்கத்தில் நூறு கிலோ உடம்பு பூதம்தான். துருவக் கரடியிடம் போய் இந்தப் பட்டத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

என்னை உசுப்பிவிட்டது 'பரிசாக' என்று நீங்கள் எழுதியதுதான். பரிசாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனார். விருந்தில் பிரதமர் சூ என்லாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமதி நிக்சன், மேஜைமேல் இருந்த சிகரெட் டப்பாவின் பாண்டா படத்தை ரசித்தாராம். "உங்களுக்குக் கொஞ்சம் தருகிறேன்" என்றாராம் சூ. "சிகரெட்டா?" என்று அம்மையார் கேட்க, "பாண்டா" என்று பதில் வந்ததாகக் கதை. ஏப்ரலில் லிங்-லிங், சிங்-சிங் இரண்டும் வாஷிங்டனில் வந்து இறங்கின. வெறுங்கையோடு வாங்கிக்கொள்ளக் கூடாதென்று அமெரிக்கா ஒரு ஜோடி கஸ்தூரி எருதுகளை அனுப்பிவைத்தது.

1980-களில் அந்தத் தாராளம் நின்றுபோயிற்று. இப்போது எல்லாம் இரவல். ஜோடிக்கு ஆண்டு வாடகை பத்து லட்சம் டாலர்வரை. போன இடத்தில் குட்டி போட்டால் குட்டியும் சீனாவுக்கே. கடன்பட்டவர்கள் 'வட்டி குட்டி போடுகிறது' என்று புலம்புவார்கள். இங்கே குட்டியே வட்டி.

நம் கிராமங்களில் ஆட்டை வாரத்துக்கு விடுவது உண்டு. ஆடு ஒருவருடையது; மேய்ப்பதும் தழை ஒடித்துப் போடுவதும் இன்னொருவர். ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. இந்த ஏற்பாட்டைப் பெய்ஜிங்கில் எழுதினால் எப்படி இருக்கும்? ஆடு என்னுடையது. குட்டி முழுக்க என்னுடையது. தழை உன் செலவு, கொட்டகை உன் செலவு, கொட்டகைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். என் ஆட்டை நீ வளர்ப்பதற்கு ஆண்டுதோறும் எனக்குப் பணம் கட்டு. முகம் கோணினால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். இப்படி ஒரு பத்திரத்தோடு எந்த ஊருக்குள்ளாவது ஆட்டைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் ஆடு குழம்பாகிவிடும். அடுப்புப் பற்றவைக்கப் பத்திரம் உதவும்.

ஆனால் உலகம் வரிசையில் நின்று கையெழுத்துப் போடுகிறது. தழைச் செலவாவது லேசுப்பட்டதா? பாண்டாவுக்குக் குடல் மாமிசம் தின்னும் மிருகத்தின் குடல், தின்பது மூங்கில். ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. அதனால் நாளில் பாதி நேரம் தின்றுகொண்டே இருக்கும்: 12 கிலோவிலிருந்து 38 கிலோவரை. காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, மணிக்கட்டில் புடைத்திருக்கும் எலும்பைக் கட்டைவிரல்போல மடக்கித் தண்டைப் பிடித்து, பல்லால் பட்டையைக் கிழித்துத் துப்பிவிட்டு உள்ளே இருப்பதைக் கடிக்கும். பின்லாந்தின் ஆஹ்தாரி என்ற சிற்றூர் மிருகக்காட்சிசாலை 80 லட்சம் யூரோவுக்கு மேல் செலவழித்து வீடு கட்டி, 2018-இல் ஒரு ஜோடியை வரவழைத்தது. ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுக்கு. கட்டுப்படியாகாமல் 2024-லேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிங்கப்பூரில் 2021-இல் பிறந்த லெ லெ மூன்று வயது நிறையுமுன் சீனாவுக்கு விமானம் ஏறியது. அங்குள்ள நம் வாசகர்கள் பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதுபோல் உருகிக் கடிதம் எழுதினார்கள்.

இந்தியாவுக்கு ஏன் இல்லை என்பதை இரு வெளியுறவு அமைச்சகங்களையும் கேளுங்கள். எல்லைப் பேச்சு முடிந்த ஒரு நாள் சொல்வார்கள். பெயரின் மூத்த உரிமையாளர் நம்மிடம் இருக்கிறார். சிக்கிமின் மாநில விலங்கே அவர்தான். வாடகை இல்லை.

எல்லாம் அந்தக் கறுப்பு வெள்ளை மூஞ்சி செய்யும் வேலை. 1961-இல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைச் சின்னமாக எடுத்துக்கொண்டதற்கு, ஒரே மையில் அச்சிடலாம் என்ற சிக்கனமும் ஒரு காரணம். பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதை மட்டும் மெச்சுகிறேன். மற்றபடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இல்லாத பிராணிக்கு யார் பணம் தருகிறார்கள்? மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. நாடெங்கும் அவை கூட்டம் கூட்டமாகச் செத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போன பிறகு, 2006-இல்தான் கால்நடைக்கு அந்த மருந்து தடையாயிற்று. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பக்கம் மிச்சமிருப்பவற்றைக் கேட்டு எந்த நாடும் பத்து லட்சம் டாலரோடு வரவில்லை.

இதை நான் எழுதும்போதெல்லாம் "காலைக் காபியோடு படிக்கிற பக்கத்தில் பிணந்தின்னிக் கழுகா?" என்று அஞ்சலட்டை போடும் சேலத்து அன்பர் ஒருவர் இருக்கிறார். இந்த முறையும் போடுவார். அவருக்காகவே அடுத்த இதழில் அரைப் பக்கத்துக்குப் பாறு கழுகின் படம் வருகிறது, வண்ணத்தில்.