ரெனசான்ஸ் விழாவில் கூடாரக் குழு: கேள்வி பதில்

15, 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சந்தையை உடை, இசை, நடிப்போடு மீட்டுக் காட்டும் அமெரிக்காவின் ரெனசான்ஸ் விழாக்களைப் பகலில் சுற்றிப் பார்த்துத் திரும்புவதோடு நில்லாமல், இரவும் அங்கேயே கூடாரமடித்துத் தங்க விரும்பும் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டெக்சாஸில் 11 ஆண்டுகளாக முகாமிட்டு வருகிறேன். குழு என்று நான் சொல்வது, பந்தலையும் அடுப்பையும் பொதுவில் வைத்துக்கொண்டு ஒன்றாக முகாமிடுகிறவர்களை. இப்போதுள்ள குழுவின் அடுப்படி 5 ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது.

கேள்வி (ஆஸ்டின் வாசகர்): வணக்கம் அம்மா. பகலில் இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். இரவு தங்குவதற்குக் குழு எதற்கு? சொந்தக் கூடாரம் போதாதா?

போதும். முதல் முறை தனிக் கூடாரத்தில் தங்குவதே நல்லது என்றுகூடச் சொல்வேன். 1963-இல் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் தம்பதியர் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய விழாவிலிருந்து பரவியதே இந்த ரெனசான்ஸ் விழா வழக்கம். டெக்சாஸ் ரெனசான்ஸ் விழா 1974-இல் ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷனில் தொடங்கியது. அக்டோபர், நவம்பர் வார இறுதிகளில் நடக்கிறது. மாலையில் விழா வாயில் அடைத்த பிறகு, பகலெல்லாம் பார்வையாளர்களாக நடந்தவர்களே முகாம் வயலில் அடுப்பு மூட்டி, முரசடித்து, பாடி, இரண்டாவது விழா ஒன்றைத் தாங்களே நடத்துகிறார்கள். தனிக் கூடாரம் உங்களுக்குப் படுக்க இடம் தரும். பகல் வெயிலில் நிழல், இரவில் சூடான சோறு, நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் பொருள்மீது ஒரு கண் ஆகியவை குழுவோடு சேர்ந்தால்தான் கிடைக்கும்.

பல விழாக்களில் பார்வையாளர் தங்க இடமே இல்லை என்பதை முதலில் கவனியுங்கள். உங்கள் ஊருக்குக் கிழக்கே மெக்டேடில் வசந்த காலத்தில் நடக்கும் ஷெர்வுட் ஃபாரஸ்ட் விழாவில் உண்டு. கூட்டமும் டாட் மிஷனைவிடக் குறைவு என்பதால், புதியவர்கள் பழகுவதற்கு ஏற்ற இடம் அது.

கேள்வி (ஹூஸ்டன் வாசகி): அக்கா, எனக்கு அங்கே யாரையும் தெரியாது. குழுவை எங்கே போய்த் தேடுவது?

வயலிலேயே தேடுங்கள். சனிக்கிழமை பிற்பகலில் முகாம் வயலைக் காலாற ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், கொடி கட்டி, பெயர்ப் பலகை வைத்து, நடுவில் பெரிய பந்தல் போட்டிருக்கும் குழுக்கள் கண்ணில் படும். கயிற்றுக்கு வெளியே நின்று வணக்கம் சொல்லுங்கள். அவர்கள் அழைத்த பிறகே உள்ளே செல்லுங்கள், ஏனெனில் அந்தக் கயிறுதான் அவர்கள் வீட்டு வாசற்படி. கையில் ஒரு பை பனிக்கட்டி கொண்டு போங்கள். அக்டோபரிலும் அங்கே பகல் வெயில் கடுமையாக இருக்கும். வெள்ளிக்கிழமை நிரப்பிய குளிர்பெட்டி சனிக்கிழமை பிற்பகலுக்குள் வெறும் தண்ணீராகிவிடும். அந்த நேரத்தில் பனிக்கட்டியோடு வரும் அந்நியருக்கு நாற்காலி போடாத குழுவை நான் பார்த்ததில்லை.

முகாம்வாசிகளின் ஃபேஸ்புக் பக்கங்கள் வழியாகவும் குழுக்கள் ஆள் சேர்ப்பதுண்டு. படங்களையும் விதிகளையும் அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நேரில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்காமல் எந்தக் குழுவுக்கும் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி (டாலஸ் வாசகர்): இரண்டு குழுக்கள் எங்களை அழைத்திருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இரவு உணவு முடிந்ததும் இரண்டு குழுக்களின் அடுப்படியிலும் அரை மணி நேரம் நில்லுங்கள். பாத்திரம் யார் கழுவுகிறார் என்று பாருங்கள். மூத்த உறுப்பினரும் புதியவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கழுவினால், அந்தக் குழுவில் நீங்கள் பல ஆண்டுகள் இருக்கலாம். புதியவர்கள் மட்டும் குனிந்து கழுவ, மற்றவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், அடுத்த ஆண்டும் அங்கே அப்படித்தான் இருக்கும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நான் முதலில் சேர்ந்த குழுவில் பாடல் இனிமையாக இருந்தது, உடை அழகாக இருந்தது, தலைவர் அன்பாகப் பேசினார். முதல் பருவம் முழுவதும் நானும் இன்னொரு பெண்ணும் மட்டுமே வார்ப்பிரும்புச் சட்டிகளைத் தேய்த்தோம். சந்தா வாங்கினார்கள், கணக்கு ஒருமுறையும் காட்டவில்லை. அதன் பிறகு எந்தக் குழுவுக்குப் போனாலும் சில கேள்விகளை வாய்விட்டே கேட்கிறேன்: சந்தா எவ்வளவு, அதில் உணவு அடங்குமா, பந்தலும் அடுப்பும் யாருடைய சொத்து, ஞாயிற்றுக்கிழமை கூடாரம் பிரிக்கும்போது எத்தனை பேர் இருப்பார்கள், சென்ற ஆண்டு விலகியவர்கள் ஏன் விலகினார்கள். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் குழுவை நம்பலாம்.

கேள்வி (பிட்ஸ்பர்க் மாணவர்): எங்கள் பகுதியில் ‘பென்சிக் போர்’ என்று ஒன்று நடக்கிறது. அதுவும் ரெனசான்ஸ் விழாதானா?

இல்லை, ஆனால் முகாம் வாழ்க்கையை விரும்புகிறவர் அவசியம் அறிய வேண்டிய இடம். 1966 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நடந்த விருந்திலிருந்து தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’, பழைய கால வாழ்க்கையையும் போர்க்கலையையும் உறுப்பினர்களே நடத்திப் பார்க்கும் அமைப்பு; எஸ்.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. அதன் மிகப் பெரிய கூடுகை பென்சிக். 1972-இல் முதன்முதலாக நடந்தது. இப்போது உங்கள் நகருக்கு வடக்கே ஸ்லிப்பரி ராக் அருகில், கூப்பர்ஸ் லேக் முகாம் நிலத்தில் ஜூலை இறுதியிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் நடக்கிறது. பத்தாயிரம் பேர் அளவுக்குக் கூடுகிறார்கள். ரெனசான்ஸ் விழாவில் நடிப்பவர் ஒருபுறம், சீட்டு வாங்கிப் பார்ப்பவர் மறுபுறம் இருப்பார்கள், எஸ்.சி.ஏ.யில் பார்வையாளர் என்றே ஒருவர் கிடையாது. வருகிற ஒவ்வொருவரும் 17-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உடையை ஓரளவேனும் முயன்று அணிய வேண்டும்.

அங்கே குழு இல்லாமல் தனியாகத் தங்கவும் வழியுண்டு. குழுவோடு தங்குவதானால், அதை ஜூலையில் போய்ப் பேச முடியாது. முன்பதிவு செய்த தலைகளை எண்ணித்தான் ஒவ்வொரு குழுவுக்கும் நிலம் அளந்து கொடுக்கிறார்கள். எனவே முன்பதிவு முடிவதற்குள், குழுவின் நிலப் பொறுப்பாளரிடம் சம்மதம் பெற்று, அந்தக் குழுவின் பெயரிலேயே பதிந்துகொள்ளுங்கள். பதியாமல் வருகிறவர் மற்றவர்களின் பங்கு நிலத்தில் கூடாரம் அடிக்கிறார் என்று பொருள். அதை எந்தக் குழுவும் எளிதில் மறப்பதில்லை. உள்ளூர்க் கிளையில் ‘ஷாட்டலேன்’ என்ற பொறுப்பில் ஒருவர் இருப்பார். புதியவர்களை வரவேற்பதும், உடை இல்லாதவருக்கு இரவல் உடை தேடிக் கொடுப்பதும் அவர் வேலை. குளிர்காலத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி (சான் அன்டோனியோ வாசகி): நாங்கள் சைவம். குழுவில் எல்லோரும் இறைச்சி சமைப்பார்கள் என்று தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம், ஆனால் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் ஆண்டில் பல நாள்கள் இறைச்சியை விலக்கி நோன்பிருந்தார்கள். தவக்காலத்தில் பாலுக்குப் பதில் பாதாம் பாலில் சமைத்தார்கள். பழைய சமையலில் ஈடுபாடுள்ள குழுவில் இதை அறிந்தவர் ஒருவராவது இருப்பார். அந்த நோன்பில் மீன் உண்டு என்பதால், மீனும் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

நம் சமையலுக்கு அங்கே பெரிய இடம் இருக்கிறது. மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறியவை. ஐரோப்பாவுக்கும் நமக்கும் அதற்குப் பிறகே வந்தன. அதற்கு முன்பு காரம் என்றால் பெரும்பாலும் மிளகும் இஞ்சியும்தான். மலபார் மிளகை அந்தக் காலத்துச் செல்வர் வீட்டுச் சமையலறைகள் விரும்பி வாங்கின. எனவே வெண்பொங்கல் அந்த அடுப்புக்குப் பொருத்தமான உணவு. மூடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டியில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் தாராளமாகத் தண்ணீர் விட்டு வைத்து, மூடியின் மேலும் நான்கைந்து தணல் துண்டுகளைப் பரப்பிவிட்டால், அரை மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் அடிப்பிடிக்காமல் குழைந்து வரும். நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி பொரியும்போது பக்கத்து முகாமிலிருந்து ஆள் வந்து என்ன மணம் என்று கேட்பார்கள். என்னை இப்போதுள்ள குழுவில் நிலைக்கச் செய்ததே ஒரு குளிர்ந்த நவம்பர்க் காலையில் பரிமாறிய அந்தப் பொங்கல்தான்.

கேள்வி (அதே வாசகி): சேலை கட்டலாமா?

தாராளமாக. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-இல். கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. நம் உடையும் அதே காலத்தைச் சேர்ந்ததே. பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டரில் நெருப்புப் பொறி பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்கு அருகில் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகி): தனியாகப் போகிறேன். பாதுகாப்பு எப்படி?

உங்கள் கூடாரம், உங்கள் கார், உங்கள் சாவி மூன்றும் உங்களிடமே இருக்க வேண்டும். யாரோ ஏற்றிச் செல்வதை நம்பி முதல் முறை போகாதீர்கள். சனிக்கிழமை இரவுகளில் குடி அதிகம். உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பி, கையிலேயே வைத்திருங்கள். பெண்கள் பொறுப்பில் இருக்கும் குழுவாக, குழந்தைகளோடு குடும்பங்கள் தங்கும் குழுவாகத் தேடுங்கள். கூடாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் குழுவோ, வேண்டாம் என்று ஒருமுறை சொன்ன பிறகும் வற்புறுத்தும் குழுவோ வேறெந்த வகையில் சிறந்ததாக இருந்தாலும் விலகிவிடுங்கள். வந்ததும் காவலர்கள் இருக்கும் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்து வையுங்கள்.

கேள்வி (வாகோ வாசகர்): அலங்கார வாள் கொண்டு போகலாமா?

பெரும்பாலான விழாக்களில் உறையோடு சேர்த்துக் கட்டி, உருவ முடியாதபடி செய்த பிறகே உள்ளே விடுவார்கள். முகாமிலும் அதை அவிழ்க்காதீர்கள்.

கேள்வி (டாலஸ் வாசகர்): என்னென்ன பொருள் வேண்டும்?

நைலான் கூடாரமே போதும்; கேன்வாஸ் பிறகு வாங்கலாம். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மழைக்குப் பின் சேற்றில் பிடிக்காது, நீளமான இரும்பு முளைகள் வாங்குங்கள். நவம்பர் இரவுக்குக் கம்பளி, சேற்றுக்குப் பூட்ஸ், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை வேண்டும். கூடாரக் கயிறுகளில் சாண் அகல வெள்ளைத் துணிப் பட்டைகளைக் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தடுக்கி விழுந்து கை முறிந்தவரை நான் அறிவேன். வறட்சிக் காலத்தில் மாவட்ட நிர்வாகம் திறந்த நெருப்புக்குத் தடை போடுவதுண்டு என்பதால், ஒரு சிறிய எரிவாயு அடுப்பும் அதற்கான அனுமதி விவரமும் கையில் இருக்கட்டும்.

கேள்வி (ஆஸ்டின் வாசகர்): எவ்வளவு காலத்தில் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்வார்கள்?

சில குழுக்களில் ஒரு பருவம், சிலவற்றில் இரண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர்கள் கூடி ஒப்புக்கொள்வார்கள். எங்கள் குழுவில் நாங்கள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை. மறுநாள் வேலை என்று பலரும் கிளம்பிவிடும் நேரம் அது. பனியில் நனைந்த பந்தல் துணியை அப்படியே மடித்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து, காற்றில் உதறி, வெயிலில் திருப்பிப் போட்டு, காய்ந்த பிறகே மடிக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. முதல் வாரம் வந்தவர் ஒருவர் நான்காவது மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்; அடுத்த வாரம் அவருக்கும் சேர்த்து அரிசி அளந்தேன்.