யிஷிங் கெண்டி வாங்குமுன்: மண், முத்திரை, விலை (கேள்வி பதில்)

சீனத்து யிஷிங் டீபாட் வாங்குவது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளும் பதில்களும். டீபாட்டுக்கு நம்மிடம் கெண்டி என்ற நல்ல சொல் இருக்கிறது. மூக்கு வைத்த பாத்திரம் எல்லாமே கெண்டிதான் என்பதால் அதையே எழுதுகிறேன்.

கேள்வி: யிஷிங் என்பது ஊரா, மண்ணா, கம்பெனிப் பெயரா? கடைக்குக் கடை ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஊர். ஜியாங்சு மாகாணத்தில் தாய்ஹு ஏரிக்கு மேற்கே இருக்கிறது. பட்டறைகள் நிறைந்த பகுதிக்கு டிங்ஷு என்று பெயர். அங்கே கிடைக்கும் மண்ணை ஸிஷா என்பார்கள். ‘ஊதா மணல்’ என்று பொருள். வெட்டி எடுக்கும்போது அது பாறைக் கட்டியாக இருக்கும். வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரவிட்டு, அரைத்து, சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஊறவைத்த பிறகுதான் கைக்கு வசப்படும். குவார்ட்ஸும் மைக்காவும் இரும்பும் கலந்த மண். 1100 முதல் 1200 டிகிரி வரை சுடும்போது தண்ணீர் கசியாத அளவுக்கு இறுகும், ஆனால் நுண்துளைகள் அடைபடாது. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. பூச்சு பளபளத்தால் அது இந்த வகைக் கெண்டி அல்ல.

நான்கு பெயர்கள் தெரிந்தால் போதும். ஊதா கலந்த பழுப்பு மண் ஸினி. சிவப்பு மண் ஹோங்னி. அதிலேயே மிக நைசாக, சுடும்போது மிக அதிகமாகச் சுருங்குவது ஜுனி. வெளிர் மஞ்சள் மண் துவான்னி.

கேள்வி: ‘ஹுவாங்லோங் மலையின் பழைய மண்’ என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அந்தச் சொல்லுக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்க வேண்டாம். டிங்ஷுவை ஒட்டிய அந்த மலையில் 2005 வாக்கில் மண் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது உண்மை. அதற்கு முன் வெட்டிய மண்ணைப் பல பட்டறைகள் சேர்த்து வைத்திருப்பதும் உண்மை. ஆனால் சுட்டு முடித்த கெண்டியைக் கண்ணால் பார்த்து, இது இன்ன சுரங்கத்து மண், இத்தனை வருடம் ஊறிய மண் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை இரண்டுதான்: மண்ணில் சாயம் கலந்திருக்கிறதா, சரியாக வெந்திருக்கிறதா. விலையை அவற்றை வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: கடையில் கெண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மண்ணை எப்படி எடைபோடுவது, அண்ணா?

மூடியைத் திறந்து, ஜன்னல் பக்கம் போய், உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றிவிடலாம், உள்ளே அவ்வளவு பாடுபட மாட்டார்கள். நல்ல ஸினியில் ஒரே நிறம் இருக்காது. பழுப்புக்குள் மங்கிய மஞ்சள் மணலும் கருஞ்சிவப்பு மணலும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். அங்கங்கே குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளி தெரிந்தால் குறையில்லை, இரும்பு உருகிய இடம் அது. மைக்காவும் ஓரிரு இடத்தில் மின்னும். உடம்பு முழுக்க ஒரே சீராக ஜிகினா போல மின்னினால் பிறகு சேர்த்தது. பெயின்ட் அடித்தாற்போல் உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து விரல். வெளிப்பக்கத்தை மெல்லிய எருமைக்கொம்புத் தகட்டால் நீவி முடிப்பார்கள். நீவும்போது நைசான மண் மேலே வந்து மணலை மூடிக்கொள்ளும். சுட்டதும் மண் சுருங்க, மணல் லேசாக மேலெழும். அதனால் தடவினால் வழவழப்பாகவும் இருக்கும், அடியில் மெல்லிய சொரசொரப்பும் தட்டும். பிளாஸ்டிக்கைத் தொடுவது போல் வழுக்கினால், மெழுகு பூசியிருக்கலாம் அல்லது கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றியிருக்கலாம்.

பிறகு கொதிநீர். கடைக்காரரைக் கேட்டு, உள்ளே முக்கால்வாசி ஊற்றி மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுப்பானை மண்வாசம் வரலாம். ஷூ பாலிஷ், மெழுகு, மருந்துக்கடை நெடி வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பழசாகக் காட்ட ஷூ பாலிஷ் தேய்ப்பது பழைய தந்திரம். வெளியிலும் கொஞ்சம் ஊற்றுங்கள். நல்ல ஸினியில் தண்ணீர் படர்ந்து, ஒரே சீராக உலரும். முத்து முத்தாக உருண்டோடினால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள். நன்றாக வெந்த ஜுனியில் மட்டும் கொஞ்சம் உருளும், அதைத் தவறாக நினைக்க வேண்டாம்.

கடைசியில் சுண்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது செய்வதுதான். உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, விரல் நுனியால் தட்டுங்கள். ஸினி அடங்கிய குரலில் ஒலிக்கும், ஜுனி கணீரென்று ஒலிக்கும். ‘கணீர் சத்தம் வந்தால் போலி’ என்பது தவறு. அதிரும் சத்தமோ பொத்தென்ற சத்தமோ வந்தால்தான் விரிசலோ அரைவேக்காடோ இருக்கும். மூடியால் உடம்பைத் தட்டிக் காட்டும் கடைக்காரரைத் தடுத்துவிடுங்கள், விளிம்பு பெயர்ந்துவிடும்.

கேள்வி: பளிச்சென்ற பச்சை, நீலம், கரி கறுப்பு நிறங்களிலும் ஸிஷா விற்கிறதே?

பளிச்சென்ற பச்சையும் நீலமும் குரோமியம், கோபால்ட் ஆக்சைடு தரும் நிறங்கள். இயற்கையான மண்ணின் நிறங்கள் எல்லாமே கொஞ்சம் மங்கல்தான். கறுப்பில் மட்டும் விதிவிலக்கு உண்டு: சூளையில் காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் ஸினி சாம்பல் கறுப்பாகும். அந்தக் கறுப்பில் ஆழம் தெரியும், ஓரங்களில் பழுப்பு எட்டிப் பார்க்கும். 2010 மே மாதம் சீன மத்தியத் தொலைக்காட்சி, சாதாரண மண்ணில் இரும்பு ஆக்சைடு, மாங்கனீசு போன்றவற்றைக் கலந்து ஸிஷா என்று விற்பதை அம்பலப்படுத்தியது. அதற்குப் பிறகும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. தினமும் வாயில் வைப்பதற்கு நிறம் அடங்கிய மண்ணையே வாங்குங்கள்.

கேள்வி: முழுக்கை வேலை, அரைக்கை வேலை, அச்சு. இந்த வித்தியாசத்தை உள்ளே பார்த்தே சொல்ல முடியுமா?

பாதி சொல்லலாம். யிஷிங்கில் மரபான முறை குயவர் திரிகையில் வனைவதல்ல. மண்ணை மரத்தட்டியால் அடித்துப் பட்டையாக்கி, உருளையாகச் சுற்றி ஒட்டி, உள்ளே விரலை வைத்து வெளியே தட்டித் தட்டி வயிற்றை வளைப்பார்கள். இதுதான் முழுக்கை வேலை. அதே பட்டையை ஜிப்சம் அச்சுக்குள் வைத்து அழுத்தி உருவம் எடுத்தால் அரைக்கை வேலை. மூக்கும் பிடியும் பிறகு கையால் ஒட்டுவார்கள். மண்ணைக் கூழாக்கி அச்சில் ஊற்றுவது மூன்றாவது வகை.

ஊற்றியதைக் கண்டுபிடிப்பது எளிது. கூழ் இளகி ஓட வாட்டர் கிளாஸ் எனும் சோடியம் சிலிகேட் சேர்ப்பார்கள். அதனால் சுவர் எங்கும் ஒரே தடிமன், மணல் தெரியாது, ஒரு மந்தமான பளபளப்பு இருக்கும். பிடி ஒட்டிய இடத்தில் உள்ளே விரலை விட்டால் சில சமயம் குழி தட்டும், பிடியையும் சேர்த்தே ஊற்றியதன் அடையாளம். இதை வாங்கவே வேண்டாம். நுண்துளை அடைபட்ட பிறகு ஸிஷாவுக்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை.

முழுக்கையா அரைக்கையா என்பதில்தான் ஏமாற்று அதிகம். பிடிக்குப் பின்னால் உள்சுவரில் செங்குத்தான ஒட்டுக்கோடு தெரிந்தால் முழுக்கை என்பார்கள். அரைக்கையிலும் பட்டையைச் சுற்றித்தானே அச்சில் வைக்கிறார்கள், அங்கும் கோடு வரும். வேண்டுமென்றே கீறி வைப்பவர்களும் உண்டு. எனவே கோட்டை நம்பி முழுக்கை விலை கொடுக்காதீர்கள். மண் நன்றாக இருந்தால் அரைக்கைக் கெண்டியில் வரும் தேநீருக்கு ஒரு குறையும் இல்லை. முதல் கெண்டிக்கு அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: மூடியின் துளையை விரலால் அடைத்தால் தண்ணீர் நிற்கிறது. தரமான கெண்டி என்று வைத்துக்கொள்ளலாமா?

மூடி நன்றாகப் பொருந்துகிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அச்சில் ஊற்றியதும் இந்தச் சோதனையில் தேறும். மூக்கை அடைத்துக் கெண்டியைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், அந்த வேடிக்கையில் உடைந்த மூடிகள் ஏராளம்.

ஊற்றுவதைக் கவனிப்பது அதைவிடப் பயன். 120 மில்லி கெண்டி பத்து விநாடிக்குள் காலியாக வேண்டும். தாரை சிதறாமல், முறுக்கு விழாமல், கண்ணாடிக் குச்சி போல இறங்க வேண்டும். நிமிர்த்தியதும் சொட்டு மூக்கின் அடியில் வழியக் கூடாது. ஊற்றும்போது மூடி விளிம்பில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் ஒன்று வாய் சரியில்லை, அல்லது நீங்கள் அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள். பிடித்திருக்கும் கை சுடக் கூடாது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அடியில் பெரிய ஆசானின் முத்திரை, கூடவே பட்டச் சான்றிதழ், ஆசான் கெண்டியுடன் நிற்கும் போட்டோ. இது போதாதா?

போதாது. பட்டங்கள் உண்மையானவை. கலைஞர், உதவிக் கைவினைஞர், கைவினைஞர், மூத்த கைவினைஞர் என்று ஏறி, மாகாண ஆசான், தேசிய ஆசான் வரை படிநிலை உண்டு. ஆனால் பட்டம் ஆளுக்கு, கெண்டிக்கு அல்ல. பெயர் பெற்றவரின் பட்டறையில் வேறொருவர் செய்து அவர் முத்திரை குத்துவது அந்தத் தொழிலில் நெடுநாளாக உள்ள சீக்கு. ஒரு வருடத்தில் ஒருவர் கையால் எத்தனை செய்ய முடியும் என்று கணக்குப் போடுங்கள். வட்டக் கெண்டி ஒன்றை முழுக்கையாகச் செய்ய மூன்று நாளாவது பிடிக்கும். பலகை பலகையாக ஒட்டும் சதுரக் கெண்டிக்கு இன்னும் அதிகம், கோணிவிடும் அபாயமும் அதிகம். அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கில் விற்பனைக்கு இருந்தால் விடை உங்களுக்கே தெரியும்.

முத்திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுட்ட கெண்டியிலிருந்து அச்செடுத்துச் செய்த போலி முத்திரை, மறுபடி சுருங்குவதால் அசலைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு சிறிதாக இருக்கும், எழுத்தின் முனைகள் மழுங்கியிருக்கும். கம்ப்யூட்டரில் வெட்டிய போலியோ அச்சு அசலாக இருக்கும். எனவே முத்திரை ஒத்துப்போகாவிட்டால் போலி என்பது உறுதி. ஒத்துப்போனால் அசல் என்பது உறுதியில்லை.

கேள்வி: பினாங்கில் இருக்கிறேன். பழைய பொருள் கடையில் ‘மெங்சென்’ என்று பொறித்த சின்னச் சிவப்புக் கெண்டி. 300 வருடப் பழசு என்கிறார்.

ஹுய் மெங்சென் பழங்காலத்துக் கலைஞர், சின்னக் கெண்டிகளுக்குப் பேர்போனவர். அவருக்குப் பின் வந்த தலைமுறைகள் எல்லாம் அந்தப் பெயரைப் பொறித்தன. இன்று அது ஒரு மார்க்கு போல, செய்தவரையோ காலத்தையோ காட்டாது. 1960களிலிருந்து 80கள் வரை அரசு ஆலையிலிருந்து ஏற்றுமதியான கெண்டிகளின் அடியில் இருக்கும் ‘ஜொங்குவோ யிஷிங்’ (சீனா, யிஷிங்) முத்திரைக்கும் போலிகள் குவிந்து கிடக்கின்றன. பழங்கறை உள்ளே மூக்கின் வேரிலும் மூடியின் அடியிலும் இயல்பாகப் படிந்திருக்கிறதா, இல்லை வெளியே மட்டும் தடவியிருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, பழமை ஒரே நாளில் கழன்றுவிட்டால் அது பூசிய பழமை. புதுக் கெண்டியின் விலைக்குத் தந்தால் வாங்குங்கள்.

கேள்வி: சரி, நியாயமான விலைதான் என்ன?

விலையில் மண், கைவேலை நேரம், பெயர் மூன்றும் இருக்கின்றன. எதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பிரித்துக் கேளுங்கள். சீனாவிலேயே வாங்கினால், நூறு யுவானுக்குள் கிடைப்பது பெரும்பாலும் ஊற்றியது. சாயமில்லாத மண்ணில் நல்ல அரைக்கை வேலைக்கு 300 முதல் 1500 யுவான். பட்டம் இல்லாத, கை பழகிய ஒருவரின் முழுக்கை வேலைக்கு 2000-க்கு மேல். யுவானை அன்றைய மாற்று விலைப்படி ரூபாயில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கடையில் அஞ்சல், வரி, லாபம் சேர்ந்து இரட்டிப்பாகலாம். ‘முழுக்கை வேலை, அசல் ஜுனி, 250 யுவான்’ என்றால் அதில் ஒன்றாவது பொய். ஜுனி சுருங்கும்போது சூளையிலேயே கோணியும் வெடித்தும் நிறையப் போய்விடும், அந்த நஷ்டமும் விலையில் ஏறித்தான் தீரும்.

பெயருக்கு மேல் எல்லை இல்லை. கு ஜிங்ஜோ (1915–1996) செய்த அணில்-திராட்சைத் தேநீர் செட் 2015-ல் பெய்ஜிங் ஏலத்தில் 9.2 கோடி யுவானுக்குப் போனது. அவர் வேலைக்கு அந்த மதிப்பு தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது வேறு சந்தை. அதைக் காட்டி ஒருவர் உங்களிடம் இளம் கலைஞரின் கெண்டியை ‘முதலீடு’ என்று விற்க வந்தால் எழுந்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்குகிறேன். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், உள்பக்கத் தரை, மூடியின் அடி, முத்திரை ஆகிய மூன்று போட்டோ. மேலிருந்து எடுத்த ஒன்று: மூக்கு, குமிழ், பிடி மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஊற்றும் வீடியோ. எடையும் கொள்ளளவும். ‘அரைக்கையா முழுக்கையா’ என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் ‘அரைக்கை’ என்று சொல்பவரிடம் மற்றதையும் நம்பி வாங்கலாம்.

கேள்வி: சாவ்ஜோ கெண்டி திரிகையில் வனைந்தது என்கிறார்கள். அப்படியானால் போலியா?

இல்லை. குவாங்தோங் மாகாணத்துச் சாவ்ஜோவில் சிவப்பு மண்ணைத் திரிகையில் வனைவதுதான் மரபு, உள்ளே வளையக் கோடுகள் தெரியும். யிஷிங் என்று சொல்லி அதை விற்றால்தான் தப்பு.

கேள்வி: துவான்னி கெண்டியில் ஆறு மாதத்தில் வெளியே கறுப்புத் திட்டுகள். கழுவினாலும் போகவில்லை.

வேக்காடு போதவில்லை. துவான்னி மற்ற மண்ணைவிட அதிகச் சூடு கேட்கும். குறைத்துச் சுட்டால் பார்க்க இதமான வெளிர் நிறம் வரும், ஆனால் துளைகள் பெரிதாக நிற்கும். தேநீர் சுவரில் ஊறி வெளியே கறுத்து வருகிறது. சோடா உப்பில் கொதிக்கவைத்தால் கொஞ்சம் வெளுக்கும், திரும்பவும் வரும். வெளிர் தேநீருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குடித்ததும் கொதிநீரில் அலசி மூடி திறந்து உலர்த்துங்கள்.

கேள்வி: இதில் பால் டீ போடலாமா?

வேண்டாம். பாலின் கொழுப்பு நுண்துளையில் ஏறிச் சிக்கு நாற்றமடிக்கும், சோப்புப் போட்டால் சோப்பும் ஏறும். பால் டீக்குப் பீங்கான் போதும். சிலோன் டீ, நீலகிரி டீயைப் பால் இல்லாமல் வெறும் சாயமாகக் குடிப்பவரானால் 150 மில்லி ஹோங்னி கெண்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம்.